மன்னாருக்குச் சொன்ன பொய்

கிளிபோட்டின் அம்மா இறந்தபோது இணையத்தில் வந்த மரண அறிவித்தலை எங்கள் செபக்குழுவில் எல்லோரும் பார்த்தோம். மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட பிலோமினா என்று தொடங்கி, காலஞ்சென்ற கணவரின் பெயர், சகோதரங்களின் பெயர்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. பிள்ளைகளுக்குரிய இடத்தில் வேரோனிக்கா என்ற ஒரு பெயர்தான் இருந்தது. அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் மன்னாரில் இருக்கும் வேரோனிக்கா. இளையவன் இங்கே ஸ்காபரோவில் இருக்கும் கிளிபோட். தொடர்புகளுக்கு என்று கீழே போடும் இலக்கங்களிலும் கனடா இலக்கம் இல்லை.

வேறு சனத்துக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். எங்கள் ஆட்கள் காலையில் எழும்பிச் செபம் சொல்ல முன்னமே அந்த அறிவித்தல்களைத்தான் பார்க்கிறார்கள். லண்டனில் பார்க்கிறார்கள், பிரான்சில் பார்க்கிறார்கள். பெயர் விடுபட்டால் அது தட்டெழுத்துப் பிழை என்று ஒருவரும் நினைப்பதில்லை. அவன் என்ன செய்தான் என்றுதான் கேட்பார்கள்.

கிளிபோட் ஒன்றும் செய்யவில்லை. அதை நான் முதலிலேயே எழுதிவிடுகிறேன். என்னிலும் பத்து வயது இளையவன், தம்பி போல, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். இருபது வருடமாக மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை. விடிய நாலு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். குடிப்பதில்லை. பூசையில் பாட்டுக்குக் கீபோர்ட் வாசிப்பான். யாராவது காலை மிதித்தால் இவன்தான் முதலில் ஸொறி சொல்வான். அந்தக் குணத்தை நான் ஒரு காலத்தில் புண்ணியம் என்று நினைத்திருந்தேன்.

அவன் ஸ்டெபனியைக் கட்டியது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில். அவள் ஒன்பது வயதில் இங்கே வந்தவள். அழகாகப் பாடுவாள். ஒருவரைப் பிடித்துவிட்டால் உயிரையே கொடுப்பாள். எனக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தபோது இரண்டு கிழமை வந்து நின்று சமைத்துத் தந்தவள் அவள்தான். ஆனால் ஒருவர் தன்னை விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்ற எண்ணம் மனதில் விழுந்துவிட்டால் அந்தப் பிள்ளை வேறு ஆளாகிவிடும். டொக்டர்மார் அதற்கு வைத்த பெயர் போர்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸோர்டர். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லவே எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

கிளிபோட் எனக்கு விளங்கப்படுத்தியது இப்படி. தான் வீடு வரப் பத்து நிமிடம் பிந்தினால், அவர் போய்விட்டார் என்று அவளுக்கு உள்ளே முடிவாகிவிடுமாம். நாங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு விட்டுவிடுகிற ஒரு சொல் அவளுக்கு வெட்டுக்காயம் மாதிரியாம். அந்த நேரம் அவள் சொல்வது, செய்வது எல்லாம் அந்த நோவில் வருவதாம். பிறகு தன்னையே வெறுத்து அழுவாளாம்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது மாசியில் ஒரு பெரிய பனிப்புயல். விமானங்கள் நின்றுபோய், வேலையில் நின்றவர்களை இரண்டு நாள் அங்கேயே மறித்து வைத்தார்கள். கைபேசி லொக்கருக்குள் இருந்து சார்ஜ் இறங்கிவிட்டது. வேறொரு ஆளின் போனில் ஒருமுறை எடுத்துச் சொன்னவன்தான். அவளுக்கு அது போதவில்லை. இரண்டாம் நாள் அவள் மன்னாருக்கு எடுத்து மாமியிடம் சொன்னாள், உங்கள் மகன் வேறொருத்தியோடு போய்விட்டார், என்னைப் பனிக்குள் தள்ளி வெளியே விட்டுவிட்டார் என்று.

அவன் வீடு வந்ததும் அவள் காலில் விழுந்து அழுதிருக்கிறாள். அவன் அன்றைக்கே மன்னித்துவிட்டான். எல்லாம் முடிந்தது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். மன்னாரில் ஒரு தாயும் தமக்கையும் அந்தப் பொய்யோடு இருக்கிறார்கள் என்பதை இரண்டு பேரும் தொடவில்லை. தாய் எடுத்து உண்மையோ என்று கேட்டபோது கிளிபோட் வாய் திறக்கவில்லை. பேசாமல் நின்றால் ஓம் என்றுதான் அர்த்தம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் அழைப்பை ஒருவரும் எடுக்கவில்லை. அடுத்த வருடம் வைகாசியில், கொரோனா என்று விமானமே ஓடாத நேரத்தில், தாய் இறந்தார். அடக்கத்தை யாரோ அனுப்பிய வீடியோவில் பார்த்தான்.

ஏன் பொய் என்று சொல்லவில்லை என்று நான் அவனைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"பொய்யெண்டு சொன்னா, ஏன் பொய் சொன்னவள் எண்டு கேப்பினம் அக்கா. அவளுக்கு வருத்தம், மனநோயெண்டு சொல்ல வேணும். பிறகு அவள் சாகுமட்டும் பேசாலையிலயும் விசரி, ஸ்காபரோவிலயும் விசரி."

அது பொய்யான கவலை இல்லை. மனநோய் என்றாலே பைத்தியம் என்று பெயர் வைத்துவிடும், எங்கள் சனம் அப்படித்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பெயரைக் காப்பாற்ற இவன் தன் பெயரைக் கொடுத்துவிட்டான். கொடுத்ததை அவளிடமும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் வேலையில் மயங்கி விழுந்து, பிரெஷர் கூடி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தான். அதன்பிறகுதான் பிரிந்தார்கள். பிரிவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது என்று டொக்டரும் சொன்னார். அவள் வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் இருக்கிறாள். பல் வைத்தியரின் கிளினிக்கில் போன் எடுக்கிற வேலை. கிழமைக்கு ஒருநாள் இந்த நோய்க்கென்று நடக்கும் வகுப்புக்கும் போகிறாள். கிளிபோட் மோர்னிங்சைட்டில் மரியரட்ணம் அண்ணையின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறான். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுக்குப் பாலும் அரிசியும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பான். ஒருமுறை செபமாலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது மரியரட்ணம் அண்ணை சொன்னார்:

"உவன் டிவோஸ் எடுத்த மாதிரித் தெரியேல்லை. டெலிவரி வேலை எடுத்த மாதிரிக் கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஆவணி மாதம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பிலோமினா அம்மாவின் கல்லறைக்கு வைக்கப்போகும் கல்லின் மாதிரி. கார்த்திகை இரண்டாம் திகதி, மரித்தவர்களின் திருநாளில், பங்குச் சுவாமி ஆசீர்வதிப்பார் என்றும் போட்டிருந்தார்கள். அம்மாவின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், கீழே "பிள்ளை: வேரோனிக்கா". கிளிபோட் அந்தப் படத்தைப் பெரிதாக்கி அந்த வரியை எனக்குக் காட்டினான்.

"நோட்டீஸில விட்டது போகட்டும் அக்கா. அது ஒரு கிழமையில போயிடும். கல்லில வெட்டினா எடுக்கேலாது. என்ர அம்மாவுக்கு நான் பிள்ளையில்லை எண்டு எப்பவும் கிடக்கும்."

"அப்ப ஸ்டெபனியைக் கேளும். அவ தன்ர மச்சாள் வேரோனிக்காவுக்கு எடுத்து உண்மையைச் சொன்னா முடிஞ்சுது."

அவன் தலையை ஆட்டினான். இப்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் சுகம், இதைக் கிளறி அவள் தனக்கு ஏதும் செய்துகொண்டால் என்ன செய்வது என்றான். நான் வேரோனிக்காவுக்கு எடுக்கட்டுமா என்று கேட்டேன். நீங்கள் என்னுடைய ஆள், உங்களை அவ நம்பமாட்டா என்றான். அதுவும் சரிதான். சொன்ன வாயால்தான் அதை மாற்றிச் சொல்ல முடியும்.

செபக்குழுவில் விசயம் தெரிந்த நாலைந்து பேரிடம் கேட்டும் ஒரு தீர்வும் இல்லை. வருத்தக்காரியைப் போய் மேலும் வருத்தக்கூடாது என்றாள் அன்ரனெற். மன்னிப்பதென்றால் மறந்துவிடத்தான் வேண்டும் என்று இன்னும் இரண்டு பேர். எனக்கு அன்று செபமாலை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அவளுக்கு எல்லோரும் இரக்கம் காட்டுகிறார்கள். அந்த இரக்கத்துக்கெல்லாம் கிளிபோட் ஒருவனே விலை கொடுத்துக்கொண்டிருக்கிறான். அதை அவனும் சொல்லமாட்டான், மற்றவர்களும் பார்க்கமாட்டார்கள். இப்படி ஒரு மனுசனோ என்று அவன்மேல்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது.

புரட்டாதியில் ஒருநாள் அவனுக்குச் சொல்லாமல் லோரன்ஸ் பஸ்ஸில் ஏறி வெக்ஸ்போர்ட்டுக்குப் போனேன். ஸ்டெபனி கதவைத் திறந்து கட்டிப்பிடித்தாள். கோப்பி போட்டாள். நான் சுற்றிவளைத்து, கல்லைப் பற்றி, பெயரைப் பற்றிச் சொல்லி முடிக்க அவள் முகம் மாறிவிட்டது. கத்தப்போகிறாள் என்று பயந்தேன். அவள் கத்தவில்லை.

"அன்ரி, இதைச் செய்யத்தான் நான் உங்களிட்ட வந்தனான். மறந்திட்டீங்களா?"

நான் மறந்துதான் போயிருந்தேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நினைவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னர், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து கோயில் மண்டபத்தில் நான் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றேன். அவள் வந்து, வகுப்பில் ஒரு வேலை தந்திருக்கிறார்கள், யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் போய் அதைச் சொல்லிச் சரிசெய்ய வேண்டும், மன்னாருக்கு எடுக்கப்போகிறேன், பயமாக இருக்கிறது, பக்கத்தில் இருப்பீர்களா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யும் பிள்ளை, ஆண்டவர் மன்னித்த பிறகு அதை ஏன் தோண்டுவான், கிளிபோட்டுக்கும் வெட்கம் என்றேன். அவள் போய்ச் சுவாமியிடம் சொல்லிவிட்டு, அவர் சொன்ன தவச்செபத்தையும் முடித்துவிட்டு வந்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் சிலுவை போட்டேன். ஒரு ஆத்துமத்தைக் கரைசேர்த்த சந்தோசத்தோடு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன்.

"ஃபாதர்ட காதில சொன்னது மன்னாரில மச்சாளுக்குக் கேக்குமா அன்ரி?" என்றாள் ஸ்டெபனி.

நான் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"எல்லாருக்கும் என்னில பாவம். என்னைக் கண்டா எல்லாற்ற வொய்ஸும் குறையுது. கிளிபோட் ஒவ்வொரு சாட்டர்டேயும் வாறார், ஒண்டும் கேக்கிறதில்லை, பாலை ஃபிரிட்ஜில வைச்சிட்டுப் போறார். எனக்கு வருத்தம்தான். ஆனா நான் பேபி இல்லை. நான் செய்ததை நான்தான் செய்தனான்."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். 

"அதுக்கு நான் இப்ப ஓகே எண்டு சொல்லமாட்டன். ஆனா தாங்க்ஸ்."

இத்தனை நாளும் கிளிபோட்மேல் கோபப்பட்டேன், குழுமேல் கோபப்பட்டேன். கதவை இழுத்துப் பூட்டினது நான். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆண்டவரிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து என் வீட்டில் வைத்து மன்னாருக்கு எடுப்பதென்று முடிவு செய்தோம். இலக்கத்தை ஊர் ஆள் ஒருவரிடம் வாங்கி வைத்தேன். அந்த ஞாயிறு அவள் வரவில்லை. போன் நிறுத்தியிருந்தது. திங்கட்கிழமை ஒன்றன்பின் ஒன்றாகப் பதினேழு செய்திகள் அனுப்பினாள். எல்லோரும் சேர்ந்து என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறீர்கள், நீங்களும் உங்கள் வேலை முடிந்ததும் என்னை விட்டுவிட்டுப் போவீர்கள் என்றெல்லாம். வாசிக்க வாசிக்க எனக்குக் கோபமும் கண்ணீரும் சேர்ந்து வந்தது. கல்லு வெட்ட இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. பதினேழுக்கும் ஒரே பதில் எழுதினேன். நான் எங்கேயும் போகவில்லை, வருகிற ஞாயிறும் பத்து மணிக்கு வீட்டில்தான் இருப்பேன் என்று. புதன்கிழமை அழுதுகொண்டு எடுத்தாள். வகுப்பில் கதைத்தேன், வருகிறேன் என்றாள்.

வந்தாள். கையில் ஒரு தாள். தமிழ் எழுத வராதபடியால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வைத்திருந்தாள். என் குசினி மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டோம். மன்னாரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். வேரோனிக்கா எடுத்தா. யார் கதைக்கப்போகிறார் என்று நான் சொன்னேன். வைத்துவிடுவா என்று பயந்தேன். ஸ்டெபனி தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள்.

"மச்சாள், எனக்கு ஒரு மனவருத்தம் இருக்கு. அந்த வருத்தம் வந்தால்..."

"உம்மட வருத்தத்தைப் பிறகு கேக்கிறன்," என்றா வேரோனிக்கா. "நீர் அண்டைக்கு அம்மாக்குச் சொன்னது உண்மையோ, பொய்யோ?"

ஸ்டெபனி தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"பொய்."

"முழுக்கவோ?"

"முழுக்க. அவர் வேலையில நிண்டவர். சொல்லேக்க எனக்கு அது உண்மை மாதிரித்தான் இருந்தது மச்சாள். அடுத்த நாள் பொய்யெண்டு தெரியும். மாமி சாகுமட்டும் ஒரு வருசத்துக்கு மேல இருந்தது. நான் எடுத்துச் சொல்லேல்லை. முதல் சொன்னது வருத்தம். பிறகு சொல்லாமல் இருந்தது நான்."

போனில் எங்கேயோ ஒரு நாய் குரைக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா போயிட்டா," என்றா வேரோனிக்கா. "இப்ப ஆருக்குச் சொல்லுறீர்?"

"உங்களுக்கு."

அழைப்பு அறுந்தது. ஸ்டெபனி அழவில்லை. கழுவுதொட்டியில் முகத்தைக் கழுவினாள். மச்சாள் என்னை மன்னிப்பாவா என்று கேட்டாள். தெரியாது பிள்ளை என்றேன். முந்தியென்றால் கட்டாயம் மன்னிப்பா என்று சொல்லியிருப்பேன்.

அன்று பின்னேரமே போய்க் கிளிபோட்டுக்குச் சொன்னேன். சந்தோசப்படுவான் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. என்னோடு அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்? அவளுக்கு ஏதும் நடந்திருந்தா?"

"நடக்கேல்லைத் தம்பி. அவ சொல்ல வேணுமெண்டு இரண்டு வருசமா நிண்டிருக்கிறா. நான்தான் மறிச்சனான். நீரும் ஒருநாளும் கேக்கேல்லை."

அவன் கீழே போய்க் கதவைச் சாத்திவிட்டான். சனிக்கிழமை வழக்கம்போல வெக்ஸ்போர்ட்டுக்குப் போனானாம். இனிச் சாமான் கொண்டு வரவேண்டாம், பஸ் ஓடுது, கடை கிட்ட, நான் வாங்குவேன் என்று ஸ்டெபனி சொல்லிவிட்டாள். அதற்கும் அவன் என்னைத்தான் கோபித்தான். மரியரட்ணம் அண்ணை அன்று பகிடி ஒன்றும் விடவில்லை.

அதைவிட எனக்கு ஆற்றாமை தந்தது அடுத்தது. வேரோனிக்கா எடுக்கத் தொடங்கினா. ஐந்து வருடத்துக்கு மேல் எடுக்காதவ ஒரு நாளைக்கு இரண்டு தரம் எடுக்கிறா. இவன் எடுக்கிறானில்லை. போன் அடிக்கும், பெயரைப் பார்ப்பான், மேசையில் கவிழ்த்து வைப்பான். கல்லுக்காரன் காத்திருக்கிறான் தம்பி, திகதி போகுது தம்பி என்று நான் எத்தனை தரம் சொன்னேன்.  ஒரு பெண்பிள்ளை எவ்வளவு பயந்து, எவ்வளவு வெட்கப்பட்டு அந்தப் பூட்டைத் திறந்து வைத்தாள். உள்ளே போக வேண்டியவன் வாசலில் குந்திக்கொண்டு இருக்கிறான். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. செபமாலை ஒன்றுதான் என் கையைப் பிடித்து வைத்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவனே என் வீட்டுக்கு வந்தான். வேலை உடுப்போடு. கதிரையில் இருந்து, வேரோனிக்கா அக்காவோடு கதைத்தேன் என்றான். நான் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து எதிரே இருந்தேன்.

வேரோனிக்கா அழுதாவாம். இவன் அழவில்லையாம். இவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறான். ஆறு வருசத்தில ஒருநாள், ஒரு தரம், தனிய என்னைக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கலாம்தானே அக்கா என்று. கேட்கவில்லை என்று அவ ஒத்துக்கொண்டிருக்கிறா. பிறகு இன்னொன்றும் சொல்லியிருக்கிறா. கடைசி மூன்று நாளும் அம்மா தம்பியோடு கதைக்க வேண்டும், எடுத்துத் தா என்று கேட்டவவாம். வேரோனிக்காதான் எடுத்துக் கொடுக்கவில்லையாம்.

அதைச் சொல்லிவிட்டு அவன் வேலைத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.  அவனை எனக்குத் தெரியும். கேட்ட உடனே பறவாயில்லை என்று சொல்கிறவன். ஸ்டெபனிக்கு அன்றைக்கே சொன்னவன், அதனாலேயே எல்லாம் அப்படியே கிடந்தது.

"என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"பேரைக் கல்லில போடு எண்டு சொன்னன். போடுறாவாம். மற்றதை இப்ப மன்னிக்கேலாது, எனக்கு நாள் வேணும், பிறகு கதைப்பம் எண்டும் சொன்னன்."

"அவ என்ன சொன்னா?"

"நாளைக்கும் எடுக்கட்டோ எண்டு கேட்டா. ஓம் எண்டன்."

மன்னித்துவிடும் தம்பி, கூடப்பிறந்தவ என்று என் நாக்கு நுனியில் நின்றது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ தரம் சொன்ன சொல். அதை விழுங்கிக்கொண்டு, சாப்பிட்டனீரோ என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றான். எழும்பிப்போய் அடுப்பைத் திரும்ப மூட்டினேன்.